சரிவு வாசல் பக்கம்

மார்ச் 4

என்னங்க,

நான் நலம். நீங்களும் குட்டியும் அத்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

வீடு கட்டித் தரும் இந்தப் புது கம்பெனி ஒன்றும் சொர்க்கம் இல்லை. சைட் ஆபீஸ் ஒரு தகரக் கொட்டகை. டீ வாய் கொப்பளிக்கத்தான் ஆகும். ஆனால் காலைக் கூட்டத்தில் யாரும் கத்துவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பழைய இடத்தில் வரைபடத்தை மூஞ்சியில் வீசுவார்கள், அத்தோடு தீர்ந்தது. இங்கே தலைமை இன்ஜினியர் எதற்கும் "சரி, பாப்போம்" என்கிறார். எதைப் பார்ப்பாரோ!

வேலை நிரந்தரமானால்தான் உங்களையெல்லாம் இங்கே அழைத்துக்கொள்ள முடியும். அதுவரை குட்டிக்குத் தலைவாரிவிட நீங்கள்தான். சடை கோணலாக இருப்பதாகப் புகார் வந்திருக்கிறது.

உங்கள்,
நான்தான்

மார்ச் 12

இன்ஜினியர் அம்மாவுக்கு,

சடை நேராகத்தான் இருக்கிறது. உன் மகள்தான் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். கடையில் தைக்க வேண்டிய துணி மலையாகக் கிடக்கிறது. அம்மா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.

எனக்குக் கவலை ஒன்றே ஒன்றுதான். அங்கேயும் சோறு இறங்காமல் போனால் நிரந்தரமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு. பழைய வேலையில் போன் மணி அடித்தாலே நீ வெலவெலத்துப் போவாயே, அதை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
சடை மேஸ்திரி

ஏப்ரல் 2

என்னங்க,

உட்கார்ந்து படியுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை.

வேலை முடிந்த ஒரு பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். அது வடிகால் பக்கம் போகாமல் வாசலுக்கு, என் காலடிக்கு வந்தது. அடுத்த இரண்டு வீட்டிலும் அதே கதை. தரையின் மட்டம் குறித்துக் கொடுத்தது நான். டைல்ஸ் மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "விடுங்க மேடம். சாவி குடுக்கிற வரைக்கும் யாரு குளிக்கப் போறாங்க?"

பழைய கம்பெனியில் அதுதான் நடைமுறை. ஆனால் இந்த வீட்டில் குடிவரப் போகிறவளும் குட்டி மாதிரி ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டுவாள், படுக்கையறையில் தண்ணீர் நிற்கும். நேராகத் தலைமை இன்ஜினியரிடம் போனேன்.

"சார், மூணு பாத்ரூம்லயும் சரிவு மாறிப்போச்சு. என் தப்புதான்."

வந்தார். தானே வாளியை எடுத்து ஊற்றினார். தண்ணீர் அவர் ஷூவை நனைத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சரி. இடிச்சிட்டு மறுபடி போடச் சொல்லுங்க."

"செலவு யார் தலையில சார்?"

"கம்பெனி தலையில. உங்க தலை வேலைக்கு வேணும். சாப்டீங்களா?"

மறுநாள் கூட்டத்தில் மானத்தை வாங்கப் போகிறார் என்றிருந்தேன். "மேடம் தண்ணி ஊத்திப் பாத்தாங்க. எல்லாரும் ஊத்திப் பாருங்க" என்றார், அவ்வளவுதான். உடனே பின்வரிசையில் ஒருவர், "சார், என் பக்கம் ஒரு ஜன்னல் இடம் மாறிப்போச்சு, நேத்துதான் பாத்தேன்" என்றார். டீ கேட்பது போல, அத்தனை சாதாரணமாக! அவர் குரலில் நடுக்கமே இல்லை.

தாழ்ப்பாள் பொருத்தாத ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கம் இல்லைங்க. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. அப்புறம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

நிரந்தரம் பற்றி இன்னும் பேச்சே இல்லை.

உங்கள்,
நான்தான்

ஏப்ரல் 9

இன்ஜினியர் அம்மாவுக்கு,

நிரந்தரம் வரும்போது வரட்டும். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நாங்கள் வருகிறோம், அம்மாவையும் சேர்த்து. தையல் மெஷின் எந்த ஊரிலும் ஓடும். சின்னதாக ஒரு வீடு பார்.

உன் கடிதத்தைக் குட்டிக்கு வாசித்துக் காட்டினேன். "அம்மா தப்பு பண்ணிட்டாங்களாம், நீ எதுக்குப்பா சிரிக்கிற? கண்ணுல தண்ணி வேற வருது" என்றாள். "நாம அம்மாகிட்டப் போறோம்" என்று மட்டும் சொன்னேன். ஓடிப்போய்ப் பொம்மைகளைப் பைக்குள் திணிக்க ஆரம்பித்துவிட்டாள்.

உன்னவன்