வட்டின் விளிம்பில் கரியில்லை

5 மே '98, செவ்வாய்

விடிந்ததிலிருந்து கச்சான் காற்று. கொடியில் காயப்போட்ட ஹிபாவின் துணி எட்டும் பறந்து போய் மரவேலைச் சாய்ப்புக்குள். மரத்தூள் அப்பி மறுபடியும் அலசல்.

ஹிபாவுக்குப் பத்து மாதம். மேல்பல் ஒன்று எட்டிப் பார்க்கிறது. கண்டதையெல்லாம் கடிக்கிறாள். என் தோளையும்.

வளைய மிசின் சாய்ப்புக்கு வந்து ஆறு வாரம். சுழலும் சட்டத்தில் இரண்டு கட்டர், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. பலகைக்குள் இறங்கினால் இரண்டு வட்டம் வெட்டும். வளையம் கழன்று வரும், அதன் நடுவிலிருந்து ஒரு வட்டு விழும். திரைச்சீலை தொங்கவிடும் வளையம். எழுதும்போது எவ்வளவு சுலபம்! வருவதென்னவோ புகை.

மருதமுனை ஹாஜியார் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார். கைத்தறித் திரைச்சீலை வியாபாரம். கொழும்புக்குப் போகும் சீலையோடு வளையமும் சேர்த்துக் கொடுக்க விருப்பம். மச்சான் வெட்டிய வளையத்துக்குள் வெள்ளைச் சீலைத் துண்டொன்றை விட்டு இழுத்தார். நீளமாக ஒரு கறுப்புக் கோடு.

"தம்பி, நான் சீல விக்கிறவன். கண்ணுக்குப் போடுற சுறுமாவச் சீலைக்குப் போட்டு விக்கிறவனில்ல."

மச்சானும் சேர்ந்து சிரித்தார். சனிக்கிழமை இன்னொரு தரம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு ஹாஜியார் போனார். அதன்பிறகு மச்சான் சிரிக்கவில்லை.

சோறு தின்னும்போது, என்னைப் பார்க்காமல்: "வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் புறகு ஏஜன்சிக்காரர் வாறார். பாஸ்போட்டக் குடுத்துருவம் எண்டு பாக்கன்."

சவூதி. இரண்டு வருடம். திரும்பி வரும்போது ஹிபாவுக்கு மூன்று வயதாகப் போகும். வாசலில் நிற்கும் தன் வாப்பாவைப் பார்த்து "உம்மா, ஆரோ ஒரு மாமா வந்திரிக்கார்" என்பாள்.

மீன் ஆணத்துக்கு உப்புப் போட்டேனா? ஒருவரும் சொல்லவில்லை.


6, புதன்

காற்று கொஞ்சம் குறைவு. ஹிபாவுக்கு வயிற்றோட்டம் இரண்டு தரம். (பல்லால்தான். பல்லால்தானா?)

மச்சான் காலை முழுக்கக் கட்டர் தீட்டல். பன்னிரண்டு வருடம் தச்சு வேலை பார்த்த ஓடாவி, உளி தீட்டுவதில் ஊரே மெச்சும் கை. தீட்டியதையெல்லாம் இடது கையில் மயிர் மழித்துத்தான் சோதிப்பார். முழங்கைக்குக் கீழே ஹிபாவின் கன்னம் மாதிரி வழுவழு. கட்டருக்கும் அதே மரியாதை. முனையில் சாய்வு, எண்ணெய்க்கல்லில் நூறு தரம், கண்ணாடிப் பளபளப்பு. இரண்டும் ஒரே நீளமா என்று அடிமட்டம் வைத்துப் பார்த்தார். கட்டரின் பக்கங்களை மட்டும் தொடவே இல்லை. உளியின் முதுகைத் தொடாதே என்று படித்த கை.

முதல் வளையம் பரவாயில்லை. இரண்டாவதில் மணம். மூன்றாவதில் புகை.

என் உம்மா குசினியிலிருந்து: "மருமகன், மிசினுக்கு இண்டைக்கும் சாம்பிராணியா?"

"ஓம் மாமி, வெள்ளிக்கிழமைக்கு முந்தியே போட்டுட்டன்."

பயங்கள், இன்றைய தேதியில்:
1. சவூதி.
2. கட்டர் தெறித்து மச்சானின் கண்.
3. ஹிபா வட்டை விழுங்குவது. (வாய்க்குள் போகாத அளவு. அளந்துவிட்டேன். ஆனாலும்.)
4. ஆசிரியர் நியமனம் வருமுன் கல்லூரியில் படித்த கணக்கெல்லாம் மறந்துபோவது.
5. உப்பு.


7, வியாழன்

எங்கிருந்து தொடங்க!

காலையில் ஹிபா சாய்ப்பு வாசலில் உட்கார்ந்து ஒரு வட்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். வேப்பம் பலகை. முகத்தைச் சுளிக்கிறாள், திரும்பவும் வாயில் வைக்கிறாள். கரி தின்றுவிட்டாள் என்று ஓடிப்போய் விரலை விட்டுத் துழாவினேன். கடித்தாள். நாக்கில் கரியில்லை. வட்டின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அங்கும் கரியில்லை.

இது எப்படி? புகைந்த பலகையில் விழுந்த வட்டுத்தானே?

வளையத்தை எடுத்தேன். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சுத்தம். பலகையில் மிஞ்சிய ஓட்டை: கறுப்பு. கட்டர் பட்ட சுவர் நாலு. குழிந்த இரண்டும் கருகியிருக்கின்றன, புடைத்த இரண்டும் வெளுப்பு. மழுங்கல் என்றால் நாலும் கருகவேண்டாமா?

உலையில் அரிசி. சோறு போடும் பெரிய வட்டத் தட்டான சஹனைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டே யோசனை. நிமிர்த்தினேன். நெருப்புப்பெட்டி ஒன்றைக் கட்டராக நினைத்து அதன் விளிம்புக்கு உட்பக்கமாக ஓட்டிப் பார்த்தேன். முன்மூலை தொடும்போதே பின்மூலையும் விளிம்பில் இடிக்கிறது. வெளிப்பக்கமாக ஓட்டினால் பின்மூலை தானாக விலகி நிற்கிறது. அவ்வளவுதான்! கட்டரின் கூர் அல்ல, அதன் வெளிப்பக்க முதுகுதான் உரசிச் சுடுகிறது.

ஈரச் சஹனோடு சாய்ப்புக்கு ஓட்டம்.

"மச்சான், கட்டர்ர வெளிப்பக்கத்தச் சாய்ச்சுத் தேய்க்கணும். ரெண்டுலயும்."

"உனக்கென்ன புள்ள? உளிர முதுகுல ஆரும் சாண புடிப்பாங்களா? ஓடாவிமார் கேட்டாச் சிரிப்பாங்க."

"இது உளியில்ல. உளி நேராப் போகும். இது வட்டமாப் போற சாமான்."

"டீச்சருக்கு நியமனம் வரல்ல, என்னில படிப்பிக்கிறா."

"சரி, நீங்களே ஓட்டிப் பாருங்க."

சஹனை அவர் மடியில் வைத்துக் கொடுத்தேன். நெருப்புப்பெட்டியை ஓட்டினார். இடித்தது. மறுபடியும் ஓட்டினார். இடித்தது. உளியை எடுத்துப் பெட்டியின் பின்மூலையைச் சரிவாகச் செதுக்கினார். குச்சியெல்லாம் கொட்டியது. ஓட்டினார். விளிம்போடு வழுக்கிக்கொண்டு முழு வட்டமும் போனது.

"அட."

உம்மா வாசலில்: "சோத்துச் சஹன்ல என்ன வெளயாட்டு ரெண்டு பேரும்?"

மச்சானுக்கு அதன்பிறகும் மனம் வரவில்லை. இருப்பது இந்த ஒரு சோடி. "தேய்ச்ச இரும்பத் திருப்பி ஒட்ட ஏலா" என்று ளுஹர் தொழுகை வரை கையில் வைத்து உருட்டினார். பிறகு: "வா, கல்லச் சுத்து."

நான் சாணைக்கல்லின் கைபிடியைச் சுற்ற, அவர் கட்டரைப் பிடித்தார். சூடேறினால் இரும்பு நீலம் பாய்ந்து பதம் போய்விடுமாம். இரண்டு உரசலுக்கு ஒரு தரம் சிரட்டைத் தண்ணீரில் சுர்ர். உள்கட்டருக்குக் கூடுதல் சாய்வு, அதன் வட்டம் சின்னதல்லவா. அதை நான் சொல்லவில்லை. சஹனுக்குள் ஒரு கோப்பையை வைத்துப் பார்த்து அவரே கண்டுபிடித்தார். பாதியில் ஹிபா அழுகை. ஒரு கையால் சுற்றல், ஒரு கையில் அவள்.

அடிமட்டத்தில் நீளம் ஒன்று. பூட்டினார். சுவிட்சைப் போட்டார்.

கரண்ட் இல்லை.

மஃரிப், இஷா. இல்லை. குப்பி விளக்கில் எழுதுகிறேன். நாளை வெள்ளி.


8, வெள்ளி

கரண்ட் இல்லை. 8 மணி. இல்லை. 10. இல்லை.

மச்சான் குளித்து, வெள்ளைச் சாரன், வெள்ளைச் சேர்ட். சேர்ட் பையில் பாஸ்போட். அதன் நீல மூலை வெளியே தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு ஹிபாவுக்குச் சோறு ஊட்டினேன். இரண்டு பிடி அவள் காதுக்குப் போனது.

11.20க்கு மின்விசிறி சுற்றியது. மச்சான் எழுந்தே விட்டார்.

"பள்ளிக்குப் போற உடுப்போட சாய்ப்புக்குள்ளயா!" உம்மா.

"ஒண்டே ஒண்டு மாமி."

சட்டம் இறங்கியது. சத்தமே வேறு. முன்பு அரற்றும், இன்று சீவல் வழிகிற சத்தம். ஒரு வளையம். பிறகு இன்னொன்று. மூன்றாவதற்கு நான் மூச்சை இழுத்துப் பிடித்தேன். மணமில்லை. ஐந்து. ஏழு.

ஏழாவதை எடுத்து, வெள்ளைச் சாரனின் ஒரு மூலையை அதற்குள் விட்டுச் சர்ரென்று இழுத்தார். உம்மா கண்ணைப் பொத்திக்கொண்டார்.

கோடில்லை.

ஜும்மாவுக்குப் பாங்கு கேட்டது. மரத்தூளைத் தட்டிவிட்டுப் புறப்பட்டவர் படியில் நின்று, பையிலிருந்து பாஸ்போட்டை எடுத்து என் கையில் தந்தார். "அலுமாரிக்குள்ள வை. அடியில." ஓட்டமாகப் போனார்.

ஏஜன்சிக்காரர் வந்து பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். நான்கு பாலைப்பழமும் கொடுத்தேன்.


9, சனி

காற்று. பரவாயில்லை, அடிக்கட்டும். ஹிபாவுக்கு வயிறு சரி.

ஹாஜியார் காலையிலேயே. இருபது வளையத்துக்குள்ளும் விரலை விட்டு, விரலைப் பார்த்து, கடைசியில் தன் தொப்பியையே கழற்றித் தேய்த்தார்.

"சுறுமாவ ஆரு கழுவின தம்பி?"

மச்சான் என்னைக் காட்டவில்லை. ஹிபாவைத் தூக்கிக் காட்டினார். "இவதான் ஹாஜியார். வட்டத் திண்டு பாத்துச் சொன்னா." எனக்குக் கோபம் அரை நிமிடம்.

ஜன்னல் பன்னிரண்டுக்குப் போதிய வளையம் முதலில். பிடித்துப்போனால் மாதா மாதம்.

பயங்கள்: 2, 3 அப்படியே. புதிது: கட்டர் தேய்ந்து தேய்ந்து தீர்ந்துபோனால்?

ஹிபா நித்திரை. சாய்ப்பிலிருந்து குரல்: "டீச்சர்! உள்கட்டர் மழுங்கிட்டு, கல்லச் சுத்த வாறீங்களா?"

பேனை மூடியைக் காணவில்லை. ஹிபாவின் கையை முதலில் பார்க்கவேண்டும்.