நாளைக்குக் கொளுத்தப்போகும் புல்

அக்கா,

மண்ணெண்ணெய் வாசனை என் பாய் வரைக்கும் வருகிறது. அப்பா கேனை வாசல் கதவோரம் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். உன் காரியம் இன்றைக்கு முடிந்தது. விடிந்ததும் மல்லாட்டை விதைத்த கொல்லைக்குப் பின்னால் இருக்கும் காய்ந்த புல்லைக் கொளுத்தப் போகிறார். "நாலு பக்கமும் நெருப்பு வெச்சா அந்தப் பாம்பு எங்க போவும்?" என்று மாமாவிடம் சொன்னார். அம்மா விழித்துக்கொள்வாளோ என்ற பயத்தில், போர்வைக்குள் உன் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஜல்தி வாக்கா, குட்டி போட்டுக்கீது."

"எலியப் பாக்கவாடி என்னை இட்டுக்கினு போற?"

"எலி இல்லக்கா, மூஞ்சூறு. பூச்சிதான் தின்னும்."

புல்லை விலக்கிப் பார்த்துவிட்டு, "மூஞ்சப் பாரு, அப்படியே நீதான்" என்று சிரித்தாய்.

வீட்டுக்குள் ஓடும் மூஞ்சூறைவிடச் சின்னது அது. பெருவிரல் அளவுகூட இல்லை. கடுகு போலக் கண். ஒரு கரையானைத் தின்றது, ஒரு வெட்டுக்கிளிக் குஞ்சைத் தின்றது, உடனே அடுத்ததைத் தேடியது. சில மணி நேரம் தின்னாவிட்டால் செத்துவிடும் என்றேன். "பாவம்டி, தூங்கவே தூங்காதா?" என்று கேட்டாய். பிறகு குட்டிகள் ஒன்றை ஒன்று பின்னால் கவ்விக்கொண்டு, ஒரே கயிறு போலத் தாயோடு போயின. இன்னும் கிட்டே பார்க்க நீ காலை எடுத்து வைத்தாய்.

திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நீ இல்லை.

நான் கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடியபோது, "அக்கா ஆட்டுக்குப் புல் அறுக்கப் போச்சு, பாம்பு கடிச்சிடுச்சு" என்றுதான் வாயில் வந்தது. எல்லோரும் அதையே நம்பினார்கள். அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் இல்லை. அலுத்துப்போய்விட்டது, அக்கா.

இன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"ஒரு பக்கம் மட்டும் உட்டுட்டுக் கொளுத்துப்பா."

"ஏன், பாம்பு தப்பிச்சிப் போறதுக்கா?"

"உள்ள மூஞ்சூறு குட்டி போட்டுக்கீதுப்பா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

நான் உள்ளே வந்துவிட்டேன்.

விடியற்காலையில் அவர் பல் தேய்க்கக் கிணற்றடிக்குப் போவார். அங்கே வைத்துச் சொல்லிவிடப் போகிறேன். அடிப்பார். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போகலாம். சொன்ன பிறகும் நாலு பக்கமும் கொளுத்தலாம். குட்டிகள் பிழைக்குமா என்பது என் கையில் இல்லை.

ஆனால் நீ புல் அறுக்கப் போகவில்லை, அக்கா. நான் கூப்பிட்டேன் என்று வந்தாய்.