முதலில் திரும்பியவருக்குப் பரிவட்டம்

இன்று காலையில் பக்கத்துக் கரிசலில் காய்ந்த பருத்திச் செடிகளை, பருத்திமாரை, கொளுத்தினார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதுமே என் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. காற்று எந்தப் பக்கம்? வெளியேற வழி எந்தப் பக்கம்? வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்கிற மனுஷனுக்கு இந்த ஆராய்ச்சி தேவையா? எல்லாம் உம்மால் வந்தது. உம்மைத் திட்டிக்கொண்டே மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

மலையடிவாரத்தில் அடுத்தடுத்த பகுதிகளுக்கு நாம் இரண்டு பேரும் பாரஸ்டர்கள். நீர் பர்மாச் சண்டைக்குப் போய்வந்து காட்டிலாகாவில் சேர்ந்தவர். கோடையில் மலைப்புல் தீப்பிடித்தால், அணைக்க சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள மானாவாரி ஊர்களிலிருந்துதான் ஆள் கூப்பிடுவோம். கரிவலம் பக்கத்து ஆட்கள் ஒரு கூட்டம், நீலிதநல்லூர் பக்கத்து ஆட்கள் ஒரு கூட்டம். இலையோடு ஒடித்த பச்சைக் குழையால் தீயை அடிப்பதில் இரண்டு கூட்டமுமே சூரர்கள்தான். ஆனால் எவனும் முதலில் பின்னால் நகர மாட்டான். அவன் நிற்கும்போது நான் நகர்வதா என்ற வீம்பு. அந்த வீம்பில்தான் ஒரு கோடையில் நம் ஆள் சுடலைமுத்து தீயில் சிக்கிப் போனான். காற்று மாறியதை எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது நீர் அழுதீர். நானும் அழுதேன்.

அடுத்த கோடைக்கு முன்னால் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும்படி ரேஞ்சர் நம்மிடம் சொன்னார். நான் ஒரு திட்டம் போட்டேன். குழை பிடிக்கிற விதம், புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுவது, வருகிற தீக்கு முன்னாலேயே புல்லைக் கொளுத்தி எதிர்த்தீ வைப்பது என்று எல்லாம் அதில் இருந்தது. நீர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தீர்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு வே. திரும்பி வாரதை எப்பச் சொல்லிக் குடுக்கப் போறீரு?"

"அதையுமா சொல்லிக் குடுக்கணும்? கால் இருக்கவன் ஓடிவாரான்."

"சுடலைமுத்துக்குக் கால் இல்லாமலா போச்சு?"

 பிறகு நீர் ஒரு யோசனை சொன்னீர். இந்தச் சீமையில் கோயிலில் யாருக்கு முதல் பரிவட்டம் என்பதற்காக வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள் அல்லவா? காற்று மாறியதும் முதலில் "திரும்பு!" என்று கத்துகிறவன் தலையில் பரிவட்டம் கட்டுவோம், அவனுக்கே முதல் பந்தி என்றீர்.

ரேஞ்சர் கேட்டுவிட்டுத் துள்ளினார். "பயந்தவனுக்குப் பரிவட்டமா? ஊரே சிரிக்கும்யா!"

"சிரிக்கட்டும் ஐயா. சிரிக்கதுக்கு ஆளு உசுரோட இருக்கணும்லா? பர்மாவுல இருந்து திரும்பி நடந்து வந்தவன் நான். அங்கனயே நின்னிருந்தா இன்னைக்கு உங்க முன்னால நிக்க முடியுமா?"

இன்னும் ஒரு உயிர் போனால் நம் இரண்டு பேருக்கும் வேலை இருக்காது என்று சொல்லித்தான் ரேஞ்சர் சம்மதித்தார்.

வறண்ட ஆற்று மணலில் வைக்கோலைப் பரப்பிக் கொளுத்திப் பழக்கினோம். ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்தில் தீக்குத் தின்ன ஒன்றுமில்லை. கத்தியதும் எல்லோரும் அங்கே போய்விட வேண்டும். முதல் நாள் ஒருத்தனும் கத்தவில்லை. மீசை பொசுங்க நின்றார்கள், பாவிகள்! கடைசியில் நீரே கத்தினீர். நான் என் தோள்துண்டை உம் தலையில் கட்டினேன். ஊர்ப் பெரியதனக்காரர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நீர் ஒரு சுற்று வந்தீரே, அந்தச் சிரிப்பில்தான் அவர்கள் கூச்சம் போயிற்று. மறுநாள் கரிவலத்து ஐயாத்துரை கத்தினான். அதற்கடுத்த நாள் நீலிதநல்லூர்க்காரர்கள் விடுவார்களா? யார் முதலில் காற்றைப் பார்ப்பது என்று போட்டியே வந்துவிட்டது.

அந்தக் கோடையில், சுடலைமுத்து போன அதே சரிவில் தீ ஏறியது. நடுப்பகலில் காற்று சட்டென்று நம் பக்கம் திரும்பியது. இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. குழையைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் கருகிய இடத்துக்குப் பாய்ந்தோம். நாம் நின்ற புல்லைத் தீ ஒரே மூச்சில் தின்றுவிட்டுப் போனது. அடிவாரத்துக்கு வந்ததும் பரிவட்டம் யாருக்கு என்று கைகலப்பு. நீர் துண்டை இரண்டாகக் கிழித்துக்கொண்டே சொன்னீர்: "நல்லா அடிச்சுக்கிடுங்க மக்கா. அடிச்சுக்கிட எல்லாரும் இருக்கீங்கள்லா, அது போதும்."

போன மாசியில் நீர் படுத்த படுக்கையாகிவிட்டீர். மதுரைக்குப் போவோம், இன்னொரு டாக்டரைப் பார்ப்போம் என்று நான் விடாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நீர் என் கையைப் பிடித்தீர்.

"போதும் வே. காத்து மாறிட்டு. திரும்புவோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசிமுடித்த பிறகு வேறு என்ன செய்வதென்று தெரியாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்து உம் தலையில் கட்டினேன். "அப்போ கஞ்சியும் எனக்குத்தானே முதல்ல?" என்றீர். உம் வீட்டம்மா அழுதுகொண்டே சிரித்தார்கள்.

நீர் போய்விட்டீர். அந்தத் துண்டு இப்போது என் தோளில்தான் கிடக்கிறது. வருகிற வாரம் புது ஆட்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். முதல் நாள் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான், எனக்குத் தெரியும். நான்தான் கத்துவேன். இந்தத் துண்டையே என் தலையில் கட்டச் சொல்லி, நெஞ்சை நிமிர்த்தி ஒரு சுற்று வருவேன். நன்றாகச் சிரிக்கட்டும்.