மறுப்பு ஏதும் இல்லை

1893 மார்ச் 6, திங்கள்
மழை. நீதிமன்றக் கூரை வழக்கம்போல் என் மேசைக்கு நேர் மேலே மட்டும் ஒழுகியது. எட்டு வழக்குகள். ஆறு மாட்டுத் தகராறு, ஒன்று பீர்ப் பானையை உடைத்தது, ஒன்று கல்யாணம்.

பெண் நொமகுகு, ம்போசிஸாவின் மகள். மாப்பிள்ளை சொம்ஃபுலா, ஊர்த் தலைவர்; அறுபது தாண்டியவர், ஐந்து மனைவிகள் ஏற்கெனவே உண்டு. கல்யாணத்துக்கு முன் பெண்ணின் சம்மதத்தை நான் கேட்டுப் பதிய வேண்டும் என்பது சட்டம். மூன்று முறை கேட்டேன். அவள் என் மூக்குக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள், வாயைத் திறக்கவில்லை. ‘மறுப்பு ஏதும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

எல்லோரும் போன பிறகு எசேக்கியா தொண்டையைக் கனைத்தார். அவர் என் மொழிபெயர்ப்பாளர். இங்கிலாந்திலிருந்து வந்து பத்தொன்பது வருஷமாக இந்த ஜூலு மண்ணில் இருக்கிறேன், அவர்கள் பேசுவது எனக்கே புரியும். இருந்தாலும் சட்டப்படி ஒருவர் வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்கிறேன்.

“பின்னாடி அண்ணனுங்க மூணு பேரும் தடியோட நின்னாங்களேய்யா. அந்தப் பொண்ணு எப்படிப் பேசும்?”

“முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“நீங்க கேக்கலியே.”

மை காய்ந்துவிட்டது.

மார்ச் 8
எஷோவேயிலிருந்து கடிதம். பதவி உயர்வோடு தலைநகருக்கு மாற்றம், அநேகமாக உறுதி. ஒழுகாத கூரை. பியானோ உள்ள வீடுகள். சாப்பாட்டு மேசையில் எதிரே இன்னொரு ஆள். ஐம்பத்தோரு வயதில் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். உள்ளே ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. மூடாமல் வைத்துவிட்டேன்.

மார்ச் 9
காவலன் மாஃபுகாவுக்கு மறுபடியும் விடுப்பு, சித்தப்பா காலமானாராம். கிறிஸ்துமஸுக்குப் பிறகு இது நாலாவது சித்தப்பா. எல்லோரும் ம்போசிஸாவின் ஊர்ப் பக்கமே சாகிறார்கள்.

மார்ச் 14, செவ்வாய்
ஆண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். நாலு மணி வாக்கில் மாஃபுகா வாசலில் வந்து நின்றான். “ஐயா, நம்ம வெள்ளாட்டுல ஒண்ண அடிக்கலாங்களா?” குடிசை வரி எண்ணிக்கை உதைத்துக்கொண்டிருந்தது. நான் தலை நிமிரவில்லை. அவன் போய்விட்டான்.

சூரியன் இறங்கும் நேரத்தில் என் மாட்டுப்பட்டி வாசலில் நொமகுகு நிற்கிறாள். உடம்பெல்லாம் மணிச்சரம். 

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். தானாக ஒருவனைத் தேர்ந்த பெண் அவன் வீட்டுப் பட்டிக்கு வந்து நிற்பாள். அந்த வீட்டில் ஆடு அடித்தால் அவளை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அப்புறம் பெற்ற தகப்பனே வந்தாலும் இழுத்துப் போக முடியாது, உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். கறி வேகும் வாசனை ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது.

இந்த வீட்டின் தலைவன் நான். கல்யாணமும் ஆகாதவன்.

கறி நன்றாக இருந்தது. தூக்கம் வரவில்லை.

மார்ச் 15
ம்போசிஸா மகன்களோடு வந்தார். தடி இல்லை. வாயெல்லாம் பல். “எங்க எங்க மாப்ள?” என்று கேட்டுக்கொண்டே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னாலேயே சொம்ஃபுலா, மூச்சிரைக்க.

ஆடு என் உத்தரவில்லாமல் அடிக்கப்பட்டது என்றேன்.

“மாஃபுகா கேட்டானாம், நீங்க ஒண்ணுமே சொல்லலியாம்” என்றார் ம்போசிஸா. “எம் பொண்ணுந்தான் அன்னிக்கு ஒண்ணும் சொல்லல. நீங்க என்னன்னு எழுதுனீங்க?”

கூட்டம் சிரித்தது. எசேக்கியா இதை எனக்கு மொழிபெயர்த்தும் சொன்னார். தேவையே இல்லை.

ஆடு என் சம்மதத்தோடு அடித்ததில்லை என்றால் இன்றைக்கே அவளை சொம்ஃபுலா வீட்டுக்கு இழுத்துப் போவார்கள். சம்மதத்தோடுதான் என்றால் அவளை நானே கட்டியதாக ஆகும், எஷோவேக்கு முழுக்கு. வெள்ளிக்கிழமை தீர்ப்பு என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 16
அவளைக் கூப்பிட்டுப் பேசினேன்.

“அன்னிக்கு ஏன் வாயத் தொறக்கல?”

“தொறந்திருந்தா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள எலும்ப எண்ணியிருப்பாங்க. நீங்க கூட வந்திருப்பீங்களா?”

வந்திருக்க மாட்டேன். வெட்கமாக இருந்தது. இவளைப் போல எத்தனை பெண்களுக்கு ‘மறுப்பு ஏதும் இல்லை’ என்று எழுதியிருக்கிறேன்? தெரியாது. பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

“என்னக் கட்டிக்கத்தான் வந்தியா?”

“ஐயய்யோ!”

இந்த வழக்கில் எனக்குக் கிடைத்த முதல் தெளிவான பதில்.

“அப்ப யாரை?”

கிணற்றுப் பக்கம் பார்த்தாள். நிரம்பி வழியும் வாளியில் மாஃபுகா இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

மார்ச் 17, வெள்ளி
தீர்ப்பு. ஆடு என்னுடையது. அடித்தது என் சம்மதத்தோடு. வீட்டுத் தலைவன் தன் வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் பெண்ணை ஏற்கலாம் என்பது இவர்கள் வழக்கம். மாஃபுகாவுக்குத் தகப்பன் இல்லை. என் வேலிக்குள் உண்டு உறங்குகிறான். இந்த வீட்டில் அவனுக்குத் தகப்பன் நான்.

“அப்ப பரிச மாடு?” என்றார் ம்போசிஸா.

“என் பட்டியிலேர்ந்து வரும்.”

சொம்ஃபுலா எழுந்து கம்பளியை உதறினார். “ஏ நாலு கண்ணா! இப்பவே எஷோவேக்கு ஆள் அனுப்புறேன். உங்க பெரிய துரை வந்து ஒன் ஆட்டு எலும்ப மோந்து பாக்கட்டும்!” கண்ணாடி போட்ட நாளிலிருந்து மாவட்டம் முழுக்க எனக்கு அதுதான் பெயர். முகத்துக்கு நேரே சொன்னது இவர்தான் முதல்.

பதிவேட்டில் ஆறாம் தேதி வரியை அடித்துவிட்டு ‘கேட்ட விதம் தவறு’ என்று எழுதினேன்.

மார்ச் 28
கோழி பெட்டிக்குள் பதினொரு குஞ்சு பொரித்திருக்கிறது.

ஏப்ரல் 11
எஷோவேயிலிருந்து மூன்று கேள்விகள். ஒரு பெண்ணுக்காக ஆடு அடிக்கப்பட்டதா? அந்தத் திருமணத்தில் நான் ஒரு தரப்பா? விளக்கம் என்ன?

பதில் அனுப்பினேன். ஆம். ஆம். விளக்கம் நீளம், இந்தப் பக்கம் வந்தால் சொல்கிறேன்.

ஏப்ரல் 29
எஷோவேக்கு வேறொருவரை நியமித்துவிட்டார்கள். என்னைவிட பதினான்கு வயது சின்னவர். வருத்தமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்ப் பதிவு. பெட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றச் சொன்னேன்.

மே 20, சனி
கல்யாணம். அண்ணன்களை வேலிக்கு வெளியே நிறுத்தினேன். தடிகள் என் அலுவலகத்தில். பெண்ணைத் தனியாக நிறுத்தி ஒரு முறைதான் கேட்டேன். “சம்மதம்!” என்று அவள் சொன்னதில் பட்டியிலிருந்த மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

மணமகனின் தகப்பன் இடத்தில் பாயில் உட்கார வைத்தார்கள். முழங்கால் வலி. ம்போசிஸா என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டு என் மூக்குப் பொடி முழுவதையும் தீர்த்தார்.

ஜூன் 2
மூன்று நாளாகக் கவனிக்கிறேன். ஆற்றுக்குப் போகும் வழி என் வாசலை ஒட்டித்தான். நொமகுகு அந்த வழியில் வருவதில்லை. தலையில் பானையோடு நீதிமன்றத்துக்குப் பின்னால் முட்புதரில் புகுந்து, சேற்றில் இறங்கிப் போகிறாள். இன்று தற்செயலாக எதிரில் வந்துவிட்டேன். முக்காட்டைக் கண்வரை இழுத்துக்கொண்டு திரும்பி நின்றாள். என் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்ற பெண்!

“எம்மேல ஏதாவது கோவமா?” என்று எசேக்கியாவிடம் கேட்டேன்.

“கோவமா? மாமனார் வாசல்ல மருமக நடப்பாளாய்யா? ஒங்க பேரக்கூடச் சொல்ல மாட்டா, இனிமே.”

கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தேன். எசேக்கியா அதை மொழிபெயர்க்க முயலவில்லை.

நாளைக் காலை கைதிகள் நாலு பேரைக் கொண்டு நீதிமன்றத்தின் பின்புறம் முள்ளை வெட்டிப் பாதை போட உத்தரவிட்டேன். உத்தரவில் ‘காரணம்’ என்ற இடத்தில், குடும்பத்தார் போக வர.