காவ்யாவின் ஆறு மாதம்

ஜனவரி 15
காலையில் பனிமூட்டம். வேலைக்கு ரோலா போகும் பஸ் முக்கால் மணி லேட். கிளினிக்கில் நான் போய் உட்காருமுன்பே ரிசப்ஷனில் பத்துப் பேர்.

சாயங்காலம் அமெரிக்காவிலிருந்து அண்ணன் போன். "ஏட்டி, இந்த மாசப் பட்டியலப் பாத்தியா? நம்ம தேதி வந்துட்டுட்டி!"

தங்கச்சி குடும்பத்துக்கென்று அவன் மனுப் போட்டுப் பத்தொன்பது வருஷம். போட்ட தேதிதான் வரிசையில் எங்கள் இடம். மாதாமாதம் வரும் பட்டியல் அந்தத் தேதியைத் தாண்டினால்தான் விசா. எல்லா நாட்டுக்கும் ஒரே பங்குதானாம். நம் பந்தியில்தான் இத்தனை கூட்டம். போன வருஷம் கிட்ட வந்துவிட்டுத் திரும்பப் பின்னால் போனது. பாவிகள்.

எனக்கு, அவருக்கு, மகள் காவ்யாவுக்கு, மூவருக்கும் ஒரே கேஸ் நம்பர். மார்ச்சோடு இந்த வளைகுடாவில் அவர் வேலை முடிகிறது. சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறது. கேசரி கிண்டினேன். அவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். சுகர் மாத்திரை வாங்க வேண்டும்.

ஜனவரி 17
அண்ணனின் வக்கீல் காவ்யாவின் பிறந்த தேதி கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு இருபத்தொன்று தாண்டினால் எங்களோடு சேர்க்க மாட்டார்களாம். மனு பாஸாகாமல் அமெரிக்க ஆபீஸ் மேசையில் கிடந்த இரண்டரை வருஷத்தை அவள் வயதில் கழித்துக் கொடுப்பார்கள். பட்டியல் அமலுக்கு வரும் பிப்ரவரி ஒன்றாம் தேதிக்குக் கணக்கு.

பாஸ்போர்ட்படி கழித்தால் இருபத்தொன்றும் இரண்டு மாதமும்.
நிஜமாகப் பிறந்த தேதிப்படி கழித்தால் இருபதும் எட்டு மாதமும்.

ஜனவரி 18
லீவு போட்டேன். சமைக்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஒன்றாம் வகுப்பு சேர்க்க ஐந்து வயசு நிறைய வேண்டும். இவளுக்கு ஐந்து மாதம் குறைந்தது. "ஒரு வருஷம் வீணாப் போகணுமா? நவம்பர மே மாசம்னு எழுதிக்கோங்க"ன்னு க்ளார்க்கிடம் கெஞ்சியது நான். ஊரில் எல்லாரும் செய்ததுதான். அந்தத் தேதிக்கே பிறப்புச் சான்றிதழும் வாங்கி, அதை வைத்தே பாஸ்போர்ட். அதே வருஷம்தான் அண்ணன் மனுப் போட்டான்.

ராத்திரி அவரே கடையில் பரோட்டா வாங்கி வந்து எனக்கும் பிரித்து வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரி 21
தேதியைத் திருத்தலாமா? வக்கீல் சொன்னதை அண்ணன் சொன்னான்: "இப்பப் போயி மாத்துனா விசாவுக்காக மாத்துனதுன்னுதான் நினைப்பான். மூணு பேர் கேஸும் போயிரும். வேண்டாம்ட்டி."

நாங்கள் போனபின் அவளுக்குத் தனி மனுப் போடலாம். புது நம்பர், வரிசையில் கடைசி. நடுவில் கல்யாணம் செய்தால் அதுவும் செல்லாது. என் பிள்ளை எத்தனை வருஷம் கல்யாணம் பண்ணாமல் காத்திருப்பாள்?

"நான் போகல. நீங்க போங்க"ன்னேன் அவரிடம். கேஸ் என் பேரில், நான் இல்லாமல் அவருக்கும் இல்லை. மறந்தே போனேன்.

ஜனவரி 24
காவ்யாவிடம் சொல்லியாயிற்று. இரண்டு பிறந்தநாள் இருப்பது தெரியும், காரணம் தெரியாது. செல்போனில் ரூம் வாடகை தேடினாள். "ஓகேம்மா. எனக்கு இங்க ஜாப் இருக்கு, விசா இருக்கு. தேராவுல பெட் ஸ்பேஸ் பாத்துக்கறேன்."

பெட் ஸ்பேஸ் என்றால் ஒரு அறையில் ஆறு பெண்கள், ஆளுக்கு ஒரு கட்டில். இதற்கா பத்தொன்பது வருஷம்?

ராத்திரி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கேட்டது.

பிப்ரவரி 6
வெள்ளி. வெயில். விசா படிவம். எனக்கு இங்கிலீஷ் படிவம் நிரப்ப வராது; காவ்யாதான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டினாள். என் பேர், அப்பா பேர், வேலை. பிறகு பிள்ளைகள். தன் பேரைத் தட்டினாள். தேதி, மே என்றே.

அடுத்த கேள்வியைத் தமிழில் சொன்னாள். "இந்தப் பிள்ளை உங்ககூட வருதா?"

நான் வாயைத் திறக்குமுன் 'இல்லை'யை அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.