இரண்டே முக்கால் கிலோ

மார்ச் 4, திங்கள்

இன்று பத்தொன்பது பார்சல். இரண்டு வீட்டில் ஆள் இல்லை. ஒரு வீட்டில் நாய் மட்டும் இருந்தது, அது கையெழுத்துப் போடாது. இருபதாவது பார்சல் நாளை விமானத்தில் வருகிறது. அண்ணன் பையன். வயது ஆறு வாரம்.

எழுதும்போதே சிரிப்பு வருகிறது. சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை. அண்ணனும் அண்ணியும் வெளிநாட்டில் ஜெயிலில். கொலைக் கேஸ். இரண்டு பேரும் வேலை பார்த்த வீட்டுப் பெரியவர் மாடிப்படிக்குக் கீழே செத்துக் கிடந்தார். தள்ளிவிட்டது இவர்கள்தான் என்று போலீஸ் சொன்னது, கோர்ட்டும் சொன்னது. ஆளுக்குப் பன்னிரண்டு வருடம். அண்ணன் இல்லவே இல்லை என்று கடிதம் கடிதமாக எழுதுகிறான். அண்ணி இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

பிடித்துக்கொண்டு போனபோது அவளுக்கு இரண்டு மாதம். பையன் ஜெயில் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் முன்னாடியே பிறந்துவிட்டான். அவசரக்குடுக்கை, என்னை மாதிரி. இதயத்தில் ஓட்டை. அங்கே வைத்துப் பார்க்க முடியாது, சொந்தக்காரர்கள் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கடிதம் வந்தது. அப்பா அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நம்ம ரெண்டு பேர்ல யாருக்குடி கொழந்த தூக்கத் தெரியும்?"

அம்மா போய் நான்கு வருடம். நான் "கத்துக்கலாம்"னு சொன்னேன்.

"நீ எதக் கத்துக்கிட்டு முழுசா முடிச்ச?"

நியாயமான கேள்வி. காலேஜ், மூன்றாவது செமஸ்டர் வரை. டைப்பிங், ஒன்பது நாள். நீச்சல், தண்ணீரில் இறங்குகிற வரை.

மார்ச் 5, செவ்வாய்

ஏர்போர்ட். ஜெயிலிலிருந்து ஒரு அம்மா துணி மூட்டையோடு வந்தார். அவர் பாஷை எனக்குப் புரியவில்லை, என் பாஷை அவருக்கு. ஆனால் அட்டையை நீட்டி ஒரு கோட்டை விரலால் காட்டினார். உலகம் முழுக்க அதற்கு ஒரே அர்த்தம்தான். இரண்டு வருடமாக வீடு வீடாக நான் காட்டுகிற கோடு. இன்று நான் போட்டேன். கோழி கிளறின மாதிரி வந்தது கையெழுத்து.

அப்பா பஸ் கண்டக்டர். மூட்டையை எட்டிப் பார்த்தார். "இது அரை டிக்கெட்கூட இல்லடி. லக்கேஜ்."

சர்டிபிகேட்டில் பெயருக்கான இடம் காலி. அதனால் இப்போதைக்கு லக்கேஜ்.

லக்கேஜ் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். பிடிக்கவில்லை போல. மூடிக்கொண்டான். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என்ன செய்ய?

மார்ச் 6, புதன்

பெரிய ஆஸ்பத்திரி. இதய டாக்டரம்மா ஆள் குட்டி, குரல் பெரிது. எடை 2,380 கிராம்.

"ஓட்டை பெருசு. தானா மூடாது, ஆபரேஷன்தான். ஆனா இந்த எடையில நான் கத்திய எடுக்க மாட்டேன். ரெண்டே முக்கால் கிலோ கொண்டு வாங்க."

கொண்டு வாங்க என்றால்? எந்தக் கடையில் கிடைக்கும்?

பால் குடிப்பதே இவனுக்கு மூட்டை தூக்குகிற வேலையாம். நாலு உறிஞ்சு உறிஞ்சினால் வியர்த்துவிடுகிறது, அப்படியே தூங்கிவிடுகிறான். வாரா வாரம் பக்கத்து கிளினிக்கில் எடை பார்த்து வைக்க வேண்டும், நர்ஸ் போனில் கேட்பார். போதுமான அளவு ஏறவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாக ட்யூபில் பால். மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா பார்ப்பார்.

"ரொம்ப இழுத்தா இதயம் தாங்காது."

"தாங்காதுன்னா?"

"தாங்காதுன்னா தாங்காதும்மா."

மார்ச் 7, வியாழன்

அண்ணிக்கு வியாழன் தோறும் நாலு மணிக்குப் பத்து நிமிடம் போன் உண்டு. இத்தனை நாள் அப்பாவோடு பேசுவாள். இனி என்னோடு. எனக்கும் அவளுக்கும் ஆகாது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே நான் சாப்பிட்டு வைத்த தட்டைப் பார்த்து, "இது தட்டா, ஆக்சிடென்ட் நடந்த எடமா?"னு கேட்டவள்.

"எடை எவ்வளவு?"

சொன்னேன்.

"அங்க வந்து கொறஞ்சிருக்கான்."

"வந்தே ரெண்டு நாள்தான் ஆகுது அண்ணி. அதுக்குள்ள நான் எங்கேர்ந்து கொறைக்க?"

"ஏப்பம் எடுக்கறியா? எந்தத் தோள்ல?"

"எந்தத் தோள்ல போட்டா என்ன, ஏப்பம் வருது."

"எந்தத் தோள்லன்னு கேட்டேன்."

பத்து நிமிடமும் தோள். நல்ல பேச்சு.

மார்ச் 10, ஞாயிறு

ஒரே தடவையில் முப்பது மில்லி குடித்தான். அப்பா சந்தோஷத்தில் பஸ் விசிலை எடுத்து ஊதினார். லக்கேஜ் பயந்துபோய்ப் பாதியைக் கக்கினான். பதினைந்து மில்லி என்று எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 13, புதன்

கிளினிக்கில் பெரிய வரிசை, எல்லாரும் இருமுகிறார்கள். போங்கடா என்று வெளியே வந்துவிட்டேன். எங்கள் கூரியர் ஆபீசில் இல்லாத தராசா? கிராம் கிராமாகக் காட்டும்.

கவுன்டரில் இருப்பவரை எல்லாரும் டேப்பண்ணன் என்போம். டேப் ரோலை வளையல் மாதிரி மணிக்கட்டில் போட்டிருப்பார். ஆட்கள் பொருளை அப்படியே கொண்டு வந்து நீட்டுவார்கள். அவர் எடை போட்டு, பெட்டியில் அடைத்து, ஒட்டி அனுப்புவார். நான் வண்டி ஓட்டுகிறவள். கவுன்டர் பக்கம் ஒதுங்குவது டீ குடிக்கத்தான்.

ஒட்டுத்துணி இல்லாமல் லக்கேஜைத் தட்டில் படுக்க வைத்தோம். தராசு யோசித்தது. 2,620.

"ஏய் புயலு, ஒரு வாரத்துல எரநூத்தி நாப்பது ஏத்தியிருக்கியே. எங்க அனுப்பணும், உள்நாடா வெளிநாடா?"

நான் ஆடிவிட்டேன். நிஜமாகவே கவுன்டர் முன்னால் நின்று ஆடினேன். பில்லுக்குக் காத்திருந்த ஒரு அம்மா கை தட்டினார். லக்கேஜ் தராசில் ஒன்றுக்குப் போனான். அதையும் எடையில் சேர்த்துக்கொள் என்று டேப்பண்ணன் தராசிடமே சொன்னார்.

நர்சுக்குச் சொன்னேன். "பரவாயில்லையே, கெட்டிக்காரிதான்" என்றார். என்னை! கெட்டிக்காரி!

மார்ச் 14, வியாழன்

அண்ணி ஒரு நிமிடம் ஒன்றுமே பேசவில்லை. பத்தில் ஒன்று. பெரிய செலவு. பிறகு, "நெசமாவா?" என்றாள்.

"தராசு பொய் சொல்லுமா அண்ணி?"

மார்ச் 20, புதன்

2,680. வேலைக்குப் போகிற வழியெல்லாம் பாட்டு. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் "என்னம்மா, லாட்டரியா?" என்றார். ஆமாம் என்றேன்.

மார்ச் 21, வியாழன்

அண்ணியோடு வார்டில் பதினாறு பெண்கள். எல்லாருக்கும் எடையைச் சொல்கிறாளாம். கார் திருடி உள்ளே வந்த ஒருத்தி, இந்த வேகத்தில் ஏறினால் ஆறு மாதத்தில் பையன் நம்மையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான் என்றாளாம். சொல்லிவிட்டு அண்ணி கிளுக் என்று சிரித்தாள். நானும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்ததில் போன் கட்.

இவளோடு சிரிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

மார்ச் 26, செவ்வாய்

2,750!! இரண்டே முக்கால். பை கட்டியாச்சு. பால் பாட்டில் நாலு, துணி பன்னிரண்டு. அப்பா லீவு போட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஏதோ பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருக்கிறார். டேப்பண்ணன் பையின் மேல் 'கவனம், உடையும் பொருள்' ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்.

நான் ஒன்றை முடித்துவிட்டேன். முழுசாக.

மார்ச் 27, புதன்

2,550.

ஆஸ்பத்திரித் தராசில் ரெண்டாயிரத்தி ஐநூத்தி அம்பது. மறுபடி வெக்கச் சொன்னேன். வெச்சாங்க. அதே. வேற தராசு கொண்டு வாங்கன்னு கத்தினேன். கொண்டு வந்தாங்க. அதே.

"எந்த மிஷின்ல பாத்தீங்க?" டாக்டரம்மா மெதுவாத்தான் கேட்டாங்க. அவங்க மெதுவா பேசினது இன்னைக்குத்தான்.

டேப்பண்ணனுக்கு போன் போட்டேன். சரியா எரநூறு கிராம் எப்படிண்ணா இடிக்கும்? "அது பெட்டி எடைம்மா"ங்கறாரு அந்தாளு. பொருள வெச்சா, அடைக்கப் போற பெட்டிக்கும் டேப்புக்கும் சேத்து எரநூறு தானா கூட்டித்தான் காட்டுமாம். வெறும் தட்டுல பூஜ்யம்தான் இருக்கும். எப்பவும் அப்படித்தானாம். ரெண்டு வருஷமா நான் அந்த ஆபீஸ்ல இருக்கேன்.

"உனக்குத் தெரியும், நீ கழிச்சிக்குவேன்னு நெனச்சேன் புயலு."

கழிக்கல. இல்லாத பெட்டிக்கு நான் டான்ஸ் ஆடியிருக்கேன்.

எடை ஏறுதுன்னு நான் சொன்னதாலதான் ரெண்டு வாரம் முன்னாடியே போட வேண்டிய ட்யூப போடல. ரெண்டு வாரம். அவன் இதயம் ரெண்டு வாரம் சும்மா மூட்டை தூக்கியிருக்கு. கிளினிக் வரிசையில ஒரு மணி நேரம் நிக்க முடியல எனக்கு. ஒரு மணி நேரம்.

சேர்த்துவிட்டார்கள். மூக்கில் ட்யூப். அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 28, வியாழன்

நாலு மணி. வார்டுக்கு வெளியே, தண்ணீர் மிஷின் பக்கத்தில் நின்று எடுத்தேன். எல்லாம் சொன்னேன். தராசு, பெட்டி, எரநூறு, ட்யூப். மன்னிச்சிடுங்க அண்ணி, மன்னிச்சிடுங்க அண்ணி என்று எத்தனை தடவை சொன்னேனோ.

"முடிச்சியா?"

"ம்."

"பத்துல நாலு நிமிஷம் உன் மன்னிப்புலயே போச்சு. புள்ள எப்படியிருக்கான்? அதச் சொல்லு."

சொன்னேன். மூச்சு, வியர்வை, எந்தக் கன்னத்தில் பிளாஸ்திரி, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் தூக்கியே பதினொரு தடவதான்" என்றாள். "நீ தூக்கிட்டு கவுன்டர் கவுன்டரா அலையற. உன்ன என்னன்னு திட்டறது?" அப்புறம், "இங்க பதினாறு பேருக்கும் எரநூறு கொறச்சுச் சொல்லணும். அந்தக் கார்க்காரி அழுதுடுவா."

போன் கட். நான் தண்ணீர் மிஷினைப் பிடித்துக்கொண்டு அழுதேனா சிரித்தேனா, தெரியவில்லை. துடைக்கிற அம்மா வந்து, "தள்ளும்மா, அங்க ஏற்கெனவே ஈரம்" என்றார்.

ஏப்ரல் 1, திங்கள்

2,650. ஆஸ்பத்திரித் தராசு. நான் ஆடவில்லை. கால் மட்டும் கொஞ்சம்.

ஏப்ரல் 4, வியாழன்

2,720. அண்ணியிடம் சொன்னதும் கேட்டாள்: "எந்தத் தராசு?" இனி ஆயுசுக்கும் கேட்பாள்.

பிறகு, "உனக்கு ஒண்ணு கேக்கணும் இல்ல? எல்லாருக்கும் இருக்கு. கேளு" என்றாள்.

கொலை. அந்தப் பெரியவர், அந்த மாடிப்படி. எத்தனையோ நாளாக நாக்கு நுனியில் நிற்கிறது. கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் பாக்கி. செய்தீர்களா என்று கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள், அது எனக்குத் தெரியும். ஆமாம் என்றால் நாளைக்கு இவனுக்கு ஏழு மணிப் பால் கொடுக்காமல் இருப்பேனா? இல்லை என்றால் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுப்பேனா?

"நேரமில்ல அண்ணி. இவன் இன்னிக்கு ட்யூப அவனே புடுங்கிட்டான். நர்ஸ் மூஞ்சியப் பாத்திருக்கணும் நீங்க."

"புடுங்கிட்டானா? எந்தக் கையால?"

இரண்டு நிமிடமும் கை.

ஏப்ரல் 6, சனி

2,760. டாக்டரம்மா தேதி கொடுத்துவிட்டார். செவ்வாய். பெற்றவர்களின் சம்மதக் கையெழுத்து ஜெயில் முத்திரையோடு அவன் கூடவே வந்த ஃபைலில் இருக்கிறது. அண்ணன் கையெழுத்து அப்படியே என்னுடையது மாதிரி, கோழி கிளறினது.

ஏப்ரல் 9, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டு போனார்கள். அப்பா நாற்காலியில் உட்காரவே இல்லை. முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்ற கால். நான் சுவரில் இருக்கிற டைல்ஸை எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினால் இருநூற்றுப் பதினைந்து. எனக்கு எண்ணவும் வராது, எடை போடவும் வராது.

மூன்று மணிக்கு டாக்டரம்மா தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். "மூடியாச்சு. நாளைக்கு வரைக்கும் என்ன ஒண்ணும் கேக்காதீங்க."

ஏப்ரல் 10, புதன்

கேட்டேன். "நல்லாருக்கான், போம்மா" என்றார்.

ஏப்ரல் 11, வியாழன்

அண்ணியிடம் "மூடிட்டாங்க" என்று சொன்னதும் பின்னால் ஒரே இரைச்சல். பதினாறு பேர் இவ்வளவு சத்தம் போட முடியுமா? வார்டன் விசில் ஊதியது இங்கே வரை கேட்டது. அப்பா காதைத் தீட்டிக்கொண்டு, "நல்ல விசில், நம்ம கம்பெனி இல்ல" என்றார்.

ஏப்ரல் 20, சனி

வீட்டுக்கு வந்துவிட்டான். எழுபது மில்லி குடித்துவிட்டு, இன்னும் இருக்கா என்கிற மாதிரி பார்க்கிறான். அடங்காப்பிடாரி.

ஏப்ரல் 23, செவ்வாய்

கீழ் வீட்டுக்காரர் மாடிக்கு ஏறி வந்து கதவைத் தட்டினார். பனியன், கையில் செய்தித்தாள், முகம் சிவப்பு.

"ஏம்மா, அந்தக் கொழந்த ஏன் இப்படிக் கத்துது? ஒரு மனுஷன் பேப்பர் படிக்க வேணாமா? தெரு முனை வரைக்கும் கேக்குது."

"தெரு முனை வரைக்குமா சார்?"

"பின்ன? பொய்யா சொல்றேன்?"

"எந்த முனை சார்? மருந்துக்கடை முனையா, இந்தப் பக்கமா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கிப் போனார். படி வரை போய் நன்றி சொன்னேன். இன்னும் கோபம் வந்துவிட்டது அவருக்கு.

ஏப்ரல் 25, வியாழன்

கீழ் வீட்டுக்காரர் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி குறுக்கே விழுந்தாள். "எனக்கு அந்தச் சத்தம் கேக்கணும். போன அவன்கிட்ட வை."

வைத்தேன். பால் குடித்து முடித்த வயிறு, வாய் ஓரத்தில் நுரை, தூங்குகிறான். உள்ளங்காலைச் சுரண்டினேன். காலை இழுத்துக்கொண்டான், அவ்வளவுதான். அப்பா விசிலை எடுத்தார், வேண்டாம் என்று பிடுங்கி வைத்தேன்.

"தூங்கறான் அண்ணி. எழுப்பட்டுமா?"

"வேணாம் வேணாம். அவனே எழுந்திரிக்கட்டும். நான் இருக்கேன்."

எனவே இருந்தோம். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் அவன். ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து நிமிடம், ஆறு, ஏழு. அவள் மூச்சு எனக்குக் கேட்டது. அவன் மூச்சு அவளுக்குக் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பத்தாவது நிமிடம் கட் ஆகிவிட்டது.

போனை எடுத்துப் பையில் வைத்தேன். ஆரம்பித்தான். கீழே கதவு திறக்கிற சத்தம் கேட்டது.