மல்லிகா நீட்டிய சிலேட்டு

எனக்குச் சர்க்கரை குறைந்து மயக்கம் வந்துவிட்டது என்று ராயபுரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். தவறு. நீங்கள் இறந்த நாற்பதாம் நாள் உங்கள் வீட்டில் ஓதிய பாத்திஹாவுக்கு வந்தபோது நான் இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தேன். மாத்திரையும் நேரத்துக்குப் போட்டிருந்தேன். உங்கள் மகள் சபியா என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தாள். அதில் ஒரு பக்கத்தைப் படித்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நடந்தது அவ்வளவுதான்.

அந்த நோட்டு இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தீர்கள் போலும். அந்துருண்டை வாசனை இன்னும் போகவில்லை. உங்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டம். ஒன்றில் ‘தனியே’ என்றும் மற்றதில் ‘யாரோடாவது’ என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

பதினோரு வருடம் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். நான் தலைமையாசிரியை, நீங்கள் எனக்குக் கீழே. இப்படி ஒரு நோட்டு இருந்ததே எனக்குத் தெரியாது.

தெரிந்திருந்தால் திட்டியிருப்பேன். என்னைப் படிக்க வைத்த கன்னியாஸ்திரிகள் இடது கையை வளைத்துத் தாளை மறைத்துக்கொண்டு எழுதச் சொல்லிக்கொடுத்தவர்கள். பக்கத்துப் பிள்ளையின் தாளில் கண் பட்டால் பிரம்பு. நானும் அதையே நம் பள்ளியில் பழக்கினேன். உங்கள் வகுப்பில் மட்டும் எந்தப் பிள்ளையின் கையும் வளையவில்லை. நான்கு நான்கு பேராகத் தலையோடு தலை முட்டிக்கொண்டு கணக்குப் போடுவார்கள்.

“வகுப்பா இது, சந்தைக்கடையா?” என்று ஒரு நாள் வாசலில் நின்று கேட்டேன்.

“சந்தையிலதானுங்க பெரிய டீச்சர், எல்லாரும் கணக்கு கத்துக்கறாங்க” என்றீர்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் படித்தது மல்லிகாவின் பக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவளின் இரண்டாவது மகள். வகுப்பு மாற்றத் தேர்வுக்கு என் அறையில் தனியாக உட்காரவைத்தேன். இருபத்தேழும் பதினைந்தும் கூட்டச் சொன்னேன். அவள் கீழே இரண்டு என்று எழுதினாள். மேலே சின்னதாக ஒன்று போட்டாள். பிறகு சிலேட்டை என் பக்கம் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

“முடி” என்றேன். என்னையே பார்த்தாள். திருப்பித் தள்ளினேன். மறுபடியும் என்னிடமே நகர்த்தினாள். மூன்று கணக்குக் கொடுத்தேன், மூன்றிலும் இதேதான். திமிர் என்று முதலில் நினைத்தேன். பிறகு, இல்லை, இவளுக்கு ஒன்றும் வராது என்று முடிவு செய்தேன். அவள் அம்மாவை உள்ளே கூப்பிட்டேன். “உங்கள் பெண் மக்கு. இன்னும் ஒரு வருடம் இதே வகுப்பில் இருக்கட்டும்” என்று அந்தப் பிள்ளை நிற்கும்போதே சொன்னேன்.

நீங்கள் ஓடிவந்தீர்கள். “அவ முடிக்காம விடலீங்க. உங்க பங்கை உங்களுக்கு விட்டிருக்கறா. அவங்க ஊட்டுல போய்ப் பாருங்க பெரிய டீச்சர்.”

“தேர்வில் பங்கு கிடையாது, டீச்சர்” என்றேன்.

மல்லிகாவின் அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “போச்சாதுங்க, விடுங்க. தலையில எழுதுனதுதான வரும். எங்கூடவே பனியன் பிசிறு வெட்டட்டுமுங்க” என்று சொல்லிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். மறுநாள் மல்லிகா வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

அவள் வீட்டுக்கு நான் போகவில்லை. நீங்கள் போயிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: ‘தனியே: பாதி போட்டு நிறுத்துகிறாள். யாரோடாவது: அக்காவோடு மூன்று இலக்கம் வரை தப்பில்லாமல் வருகிறது. வீட்டில் பனியன் பிசிறு வெட்டும்போது இவள் நூலை வெட்டி அக்காவிடம் தள்ளுகிறாள், அக்கா மடித்து அம்மாவிடம் தள்ளுகிறாள். தன் வேலை முடிந்தால் அடுத்தவருக்கு நகர்த்த வேண்டும் என்றுதான் பழகியிருக்கிறாள். கடினமான பாதியை இவளே போடுகிறாள். பெரிய டீச்சரிடம் சொன்னேன், கேட்கவில்லை.’

கடினமான பாதி. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, இரண்டை வைத்து ஒன்றை மேலே ஏற்று. அதைத்தானே இரண்டாம் வகுப்பில் வருடம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறோம்! அதை அவள் முடித்திருந்தாள். மிச்சம் இருந்தது இரண்டும் ஒன்றும் ஒன்றும் கூட்டுவது மட்டும். இத்தனை வருடம் கழித்து, உங்கள் வீட்டுக் கூடத்தில், நெய்ச்சோற்றுத் தட்டுகளுக்கு நடுவே, அந்தச் சிலேட்டை முதல்முறையாகப் பார்த்தேன்.

என் கணவர் பெருமாநல்லூர் ரோட்டில் பனியன் தைக்கும் யூனிட் வைத்திருந்தார். அங்கே ஒருவர் கழுத்துப்பட்டி வைப்பார், ஒருவர் கை ஏற்றுவார், ஒருவர் அடி மடிப்பார். ஒரு பனியனை முழுசாகத் தைத்த ஆள் ஒருவரும் இல்லை. அவர்களை யாரும் மக்கு என்று சொன்னதில்லை. அந்த யூனிட்டில் வந்த சோற்றைத்தான் நான் சாப்பிட்டேன்.

போன மாதம் பி.எட். படிக்கும் என் பேத்தி பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளை தனியாகச் செய்வதை மட்டும் பார்த்தால் அதன் வளர்ச்சி தெரியாது. தெரிந்தவர் துணையோடு எதுவரை போகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் இருக்கும் இடத்தில்தான் கற்றல் நடக்கிறது. அந்தத் துணை எப்படி இருக்கும் என்பதை வீடும் பழக்கமும் தீர்மானிக்கின்றன என்று வாசித்தாள். “துணையோடு செய்தால் அதற்குப் பெயர் காப்பி” என்றேன். அவள் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பாடத்தை நீங்கள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. இரண்டு கட்டம் போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தீர்கள்.

அன்று அந்த நோட்டு மட்டும் என்றால் எழுந்து வீட்டுக்கு வந்திருப்பேன். தண்ணீர் கொடுத்துவிட்டுச் சபியா பக்கத்தில் உட்கார்ந்தாள். “மல்லிகாக்காவை ஞாபகம் இருக்குதுங்களா? அம்மா மவுத்தானப்ப வந்திருந்தாங்க. கம்பெனில லைன் சூப்பர்வைசர் வேலைக்கு மூணு வாட்டி கூப்பிட்டாங்களாம். ரிஜிஸ்டர் எழுதோணுமேன்னு மாட்டேன்னுட்டாங்க. அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாங்க. ‘நான் மக்குங்க டீச்சர், பெரிய டீச்சரே சொல்லிட்டாங்க’ன்னு அதையேதான் சொல்லுவாங்க” என்றாள்.

அவளுக்கு இப்போது ஐம்பதை நெருங்கும் வயது. நான் அரை நிமிடத்தில் சொன்ன ஒரு சொல்லை இத்தனை வருடமாக வைத்திருக்கிறாள். நான் மறந்தே போயிருந்தேன். நீங்கள் அதை அவளிடமிருந்து வாங்கப் பார்த்திருக்கிறீர்கள். அவள் கொடுக்கவில்லை. சொன்னவள் நான், உங்களிடம் எப்படிக் கொடுப்பாள்? உங்களிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதை முதலில் கேட்கவேண்டிய இடம் வேறு. அவள் உயிரோடு இருக்கிறாள், நானும் இருக்கிறேன்.

அவளுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். நான்கு முறை கிழித்து ஐந்தாவது முறை சரியாக வந்தது. அன்று கணக்குப் பார்க்கத் தெரியாதவள் நான்தான் என்று அதில் இருக்கிறது. கீழே முழுப் பெயரும், அப்போதைய பதவியும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உறை மட்டும் வெறுமையாக இருக்கிறது. குன்னத்தூரில் மகள் வீட்டோடு இருக்கிறாள் என்று சபியா சொன்னாள். எந்தத் தெரு என்று அன்று நான் கேட்கவில்லை.

இந்த மடலைச் சபியா பிரித்துப் படிப்பாள்.

சபியா, மல்லிகாவின் முழு முகவரியை எனக்கு எழுதி அனுப்பு. போனில் சொல்ல வேண்டாம்; என் காது சரியில்லை. இந்த வாரமே, உன் கையால் எழுதித் தபாலில் போடு.